கடல் மட்டம்

கெப்பை எனக்கு விற்றவன் கேகாலைக்காரன்.
மீட்டர்ப் பலகையின் இடது மூலையில்
விரல்நகம் அளவு கறுப்பு டேப்.
உடைசலை மறைக்க என்று நினைத்தேன்.
பத்து மாதம் அப்படியே நினைத்தேன்.

கந்தப்பளைப் பனி எதையும் விட்டுவைப்பதில்லை.
தீப்பெட்டி, தலையணை, லீசிங் புத்தகம்.
ஒரு விடியலில், பதினெட்டு மூட்டை லீக்ஸ் ஏற்றி,
ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடாகும்வரை
கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்,
டேப்பின் நுனி சுருண்டு தொங்குகிறது.
அடியில்
மஞ்சளாக ஒரு எஞ்சின் படம்.

புதிதாக எரியவில்லை அது.
இத்தனை நாளும் எரிந்திருக்கிறது,
என் முழங்காலுக்கு மேலே,
நான் பாட்டுப் போட்டு ஓட்டிய எல்லா இரவிலும்.

றம்பொடை ஏற்றத்தில் ஏன் கறுப்புப் புகை,
ஏன் பின்னால் வரும் பஸ்காரன் ஹோர்னாலேயே திட்டுகிறான்,
பெட்ரோல் காசைக் கழித்தால் ஏன்
லீக்ஸில் மிஞ்சுவது வெட்டிப்போட்ட இலை மட்டும்.

நஸ்வர் பாஸ் எட்டிப் பார்த்தார்.
"கம்ப்யூட்டர் மாட்டிப் பாக்கலாமா?"
"மாட்டலாம் அக்கா, மாட்ட இடம் இருந்தா.
இது தொண்ணூத்திரெண்டாம் வருசம்.
வாய் இல்ல, கண்ணு மட்டும்தான்.
கொண்டை ஊசி இருக்கா?"

றம்பொடையில் எத்தனை கொண்டை ஊசி என்று
எண்ணியதே இல்லை.
தலையில் நான்கு.
ஒன்றை உருவிக் கொடுத்தேன்.

பொனட்டுக்குள் எழுத்தழிந்த சின்னப் பெட்டி.
இரண்டு துளையில் ஊசியின் இரண்டு கால்.
"சாவியத் திருப்புங்க, ஸ்டார்ட் பண்ண வேணாம்.
எண்ணுங்க."

மூன்று சிமிட்டல்.
ஒரு மூச்சு.
ஐந்து.
நீண்ட இருட்டு.
மறுபடி மூன்று, மூச்சு, ஐந்து.
பத்து மாதம் பதில் வராத கோபம்
அதற்கு இல்லை. அதே நிதானம்.

முப்பத்தைந்து.
லீசிங்கில் மிச்சத் தவணையும் முப்பத்தைந்துதான்
என்று எழுத ஆசை.
நாற்பத்தொன்று.

எண்ணெய்க் கறைப் புத்தகத்தில் விரலை ஓட்டிய பாஸ்
சிரிக்கத் தொடங்கினார்.
"உயரம் பாக்குற சென்சர் அக்கா.
அது பேசலன்னா எஞ்சினுக்கு
எங்க நிக்கிறோம்னு தெரியாது.
கடல் மட்டத்துல நிக்கிறதா எடுத்துக்கும்."

ஆறாயிரம் அடி மேலே,
காற்று மெலிந்த இந்தக் குளிரில்,
என் கெப் கரையோரம் நின்றிருக்கிறது.
காற்று தாராளம் என்று நம்பி
பெட்ரோலை அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறது.
நான் ஒரேயொரு முறை கடலைப் பார்த்தேன்,
நீர்கொழும்பில், செருப்பைக் கையில் பிடித்தபடி,
பத்து நிமிடம்.
இது பத்து மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறது.

டாஷ்போர்ட் பெட்டியைக் கழற்றினோம்.
ரசீதுகள், காய்ந்த கராம்பு, யாருடையதோ ஒற்றைக் கையுறை.
பின்னால் சென்சர். அதன் பிளக்கில்
பச்சைக் களிம்பு.
கண்ணாடி ரப்பரில் ஒழுகிய மழை
சொட்டுச் சொட்டாய் அங்கேதான் இறங்கியிருக்கிறது.
பிளக்கைத் தின்ற ஈரமும்
டேப்பை உரித்த ஈரமும் ஒன்றே.

எலுமிச்சை, பழைய டூத்பிரஷ், துண்டு சேண்ட் பேப்பர்.
ஃபியூஸைப் பிடுங்கிப் பத்து எண்ணிப் போட்டோம்.
ஸ்டார்ட் பண்ணினேன். விளக்கு வந்தது,
யோசித்தது, போனது.
மணிக்கூடும் சேர்ந்து மறந்துபோனது.
எப்போது பார்த்தாலும் நேரம் ஒரு மணிக்குப் பக்கத்தில்.

ஆயிரத்து ஐந்நூறு கேட்டார்.
தாராளம் காட்ட நினைத்து இரண்டாயிரம் நீட்டினேன்,
மிச்சத்தை வாங்கிக்கொண்டேன்.

தம்புள்ளையில் இறக்கிவிட்டு, இரவு, றம்பொடை.
இரண்டாம் கியர்.
பின்னால் பஸ்ஸின் வெளிச்சத்தில்
பனி வெள்ளையாகவே இருந்தது.
டேப் துண்டு விரலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது,
உதறினாலும் போகாமல்.
அந்த மூலையைப் பார்க்கிறேன், ரோட்டைப் பார்க்கிறேன்,
அந்த மூலையை.

முடி ஒரு பக்கம் அவிழ்ந்து கண்ணில் விழுகிறது.
ஊசி
பாஸின் சட்டைப் பையில்.